கடைசி மணிக்குப் பிறகுதான் கல்லூரி

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாளிலிருந்து நம் வீடுகளில் மூன்று கேள்விகள் சுற்றிச்சுற்றி வரும். என்ன கோர்ஸ், எந்தக் காலேஜ், எவ்வளவு ஃபீஸ். மாமா, சித்தப்பா, தெருமுனை ஜெராக்ஸ் கடைக்காரர் என்று ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். எங்கே தங்கிப் படிப்பது என்ற நான்காவது கேள்வியைப் பற்றி மட்டும் யாரும் உட்கார்ந்து யோசிப்பதில்லை. பஸ் இருந்தால் போய்வர வேண்டியது, பஸ் இல்லாவிட்டால் ஹாஸ்டல். நமக்குத் தெரிந்த விதி அவ்வளவுதான். அந்த விதி தப்பு என்பது என் கட்சி. கண்ணமங்கலம் மாதிரி ஓர் ஊரிலிருந்தோ அதற்கு மேற்கே நிற்கும் ஜவ்வாது மலையிலிருந்தோ குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரி வாசலை மிதிக்கும் பிள்ளைக்கு, எந்தப் பாடம் எடுத்தோம் என்பதற்குக் குறையாத கனம் ராத்திரி எங்கே தங்குகிறோம் என்பதற்கும் உண்டு. முதல் ஆண்டாவது விடுதியில் இருங்கள்; முடியவே முடியாது என்றால் மட்டும் பஸ்ஸை நம்புங்கள். இப்படிச் சொல்வதற்கு எதிராக நியாயமான ஆட்சேபங்கள் நிறைய இருக்கின்றன. அவற்றில் சிலவற்றுக்கு முழுப் பதில் என்னிடம் இல்லை என்பதையும் போகப்போகப் பார்க்கலாம்.

கண்ணமங்கலத்தை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் அதன் இருப்பிடம். வேலூரிலிருந்து திருவண்ணாமலை போகும் தேசிய நெடுஞ்சாலையில், ஆரணிக்குப் பாதை பிரிகிற பேரூராட்சி இது. மாவட்டம் திருவண்ணாமலை என்றாலும் மாவட்டத் தலைநகரைவிட வேலூர்தான் கிட்டம். இருபது கிலோமீட்டரைக் கொஞ்சம் தாண்டினால் போதும். வேலூர் பஸ் ஏறினால் கணியம்பாடி தாண்டி அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி, பாகாயத்தில் தந்தை பெரியார் அரசு தொழில்நுட்பக் கல்லூரி, ஓட்டேரியில் முத்துரங்கம் அரசு கலைக் கல்லூரி, சாயிநாதபுரத்தில் டி.கே.எம். மகளிர் கல்லூரி, ஊருக்குள் 1898-இல் கல்லூரியான வூர்ஹீஸ் என்று ஒரே திசையில் வரிசையாகக் கல்லூரிகள். பாலாற்றைக் கடந்தால் காட்பாடியில் ஆக்சிலியம், விஐடி. அதற்கும் அப்பால் சேர்க்காட்டில் திருவள்ளுவர் பல்கலைக்கழகம். ஆரணிப் பக்கம் திரும்பினால் தச்சூரில் அண்ணா பல்கலைக்கழகத்தின் பொறியியல் கல்லூரி. காட்பாடி - விழுப்புரம் ரயில் பாதையில் கண்ணமங்கலத்துக்கு ஒரு நிலையமும் உண்டு. இத்தனையும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால்தான் "போய்வந்துக்கலாம்" என்ற சொல் இங்கே அவ்வளவு சுலபமாக வாயில் வருகிறது. மலைமேல் ஜமுனாமரத்தூரிலோ நம்மியம்பட்டிலோ இருக்கும் பிள்ளைக்கு அந்தச் சொல்லே கிடையாது. மலையிறங்கினால் எங்கேயாவது தங்கித்தான் ஆக வேண்டும். அடிவாரத்துப் பிள்ளைக்குத்தான் இரண்டு வழி இருக்கிறது, அவன்தான் பெரும்பாலும் யோசிக்காமல் ஒன்றில் விழுகிறான்.

போய்வருவதற்கு எவ்வளவு ஆகிறது என்று ரூபாயில் கணக்குப் போட்டால் ஏறக்குறைய ஒன்றுமில்லை. அரசுக் கல்லூரி மாணவருக்கு இலவச பஸ் பாஸ் உண்டு. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமே கிடையாது. நல்ல திட்டங்கள், எத்தனையோ பெண்களைக் கல்லூரிக்குக் கொண்டுவந்து சேர்த்த திட்டங்கள். ஆனால் பயணம் இலவசமாகிவிட்டதால் அதன் உண்மையான விலை கண்ணில் படாமல் போய்விட்டது. வீட்டு வாசலிலிருந்து வகுப்பறைக்கு, பஸ்ஸுக்குக் காத்திருப்பதும் சேர்த்து, ஒன்றேகால் மணி என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். போகவர இரண்டரை மணி. பருவத்துக்கு 90 வேலைநாள், மூன்று ஆண்டில் ஆறு பருவம், ஆக 540 நாள், 1,350 மணி நேரம். நாளுக்கு ஐந்து மணி நேரம் பாடம் நடக்கும் கல்லூரியில் இது 270 நாள் வகுப்புக்குச் சமம். அதாவது மூன்று முழுப் பருவம். பட்டப்படிப்பில் பாதி அளவு நேரத்தைப் பஸ்ஸில் கழிக்கிறோம். பஸ்ஸிலேயே படிக்கலாமே என்பவர்கள் காலை எட்டு மணிக்கு வேலூர் போகும் பஸ்ஸின் படியில் ஒருநாள் நின்று பார்த்துவிட்டு வந்து பேசலாம்.

நேரத்தைவிடப் பெரிய நஷ்டம் இன்னொன்று. கடைசி மணி அடித்ததும் டே ஸ்காலர் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடுகிறான். ஷிப்ட் முறையில் நடக்கும் கல்லூரி என்றால் மதியத்தோடு அவனுடைய கல்லூரி முடிந்துவிடுகிறது. அவன் போன பிறகுதான் கல்லூரியின் இன்னொரு பாதி தொடங்குகிறது. வகுப்பில் ஐம்பது, அறுபது பேருக்கு நடுவே கேட்கக் கூச்சப்பட்ட சந்தேகத்தை டிபார்ட்மெண்டில் தனியாக உட்கார்ந்திருக்கும் ஆசிரியரிடம் கேட்கிற நேரம் அது. நூலகத்தில் இடம் கிடைக்கிற நேரம். என்.சி.சி. பரேடு, என்.எஸ்.எஸ். கூட்டம், விளையாட்டுத் திடல், அரசின் 'நான் முதல்வன்' பயிற்சிக்காகக் கணினி ஆய்வகத்தில் உட்காரும் நேரம் எல்லாம் அப்போதுதான். போன வருஷக் கேள்வித்தாளில் எந்தக் கேள்வி திரும்பத்திரும்ப வந்தது, எந்தப் பேப்பர் ஆளைக் கவிழ்க்கும், எந்த உதவித்தொகைக்கு எந்த மாதம் எழுத வேண்டும் என்று சீனியர்கள் பேசிக்கொள்வதும் சாயங்காலத்தில்தான். கல்லூரியைப் பற்றிய முக்கால்வாசித் தகவல் நோட்டீஸ் போர்டில் இருக்காது. அப்பா அம்மா பட்டதாரிகளாக இருக்கும் வீட்டில் அது சாப்பாட்டு மேசையிலேயே கிடைத்துவிடும். முதல் தலைமுறைப் பிள்ளைக்கு அது கிடைக்கும் ஒரே இடம் வளாகம்; அதுவும் அவன் பஸ் ஏறிய பிறகு.

கலைக் கல்லூரிகளின் மதிப்பெண் முறையைப் பார்த்தாலே இதன் விளைவு புரியும். பெரும்பாலான பாடங்களில் இன்டர்னல் 25, பல்கலைக்கழகத் தேர்வு 75. இன்டர்னல் என்பது அசைன்மென்ட், செமினார், மாதத் தேர்வு, வருகை எல்லாம் கலந்த கணக்கு. அது முழுக்க முழுக்கக் கல்லூரியோடு நமக்கு இருக்கும் பழக்கத்தைப் பொறுத்தது. பல்கலைக்கழகத் தேர்விலோ தமிழ்வழியில் படித்து வந்தவனை முதல் பருவத்திலேயே கவிழ்ப்பது பெரும்பாலும் அவனுடைய முக்கியப் பாடமாக இருக்காது. ஆங்கிலமும் அலைடு கணக்கும்தான் முதல் அரியரைக் கொடுக்கும். ஒரு அரியர் ஒன்றும் தலை போகிற காரியமல்ல. ஆனால் அடுத்த பருவத்தில் அது இரண்டாகி, மூன்றாவது பருவத்தில் நான்காகி, "எப்படியும் டிகிரி வராது" என்று அவனே தீர்ப்பு எழுதிக்கொண்டு வேலைக்குப் போய்விடுவது இந்தப் பக்கத்தில் பழகிப்போன கதை. வருகைப் பதிவும் அப்படியே. பொதுவாக 75 சதவீதம் வேண்டும்; அதற்குக் கீழே போனால் கன்டோனேஷன் கட்டணம், இன்னும் கீழே போனால் தேர்வே எழுத முடியாது. காலையில் ஒரு பஸ் தவறினால் முதல் பீரியட் போச்சு. நாற்று நடவு, அறுவடை, கோயில் திருவிழா, வீட்டில் யாருக்கோ காய்ச்சல் என்று ஊரில் இருப்பவனை ஊர் இழுத்துக்கொண்டே இருக்கும்.

இது ஏதோ நம் ஊர்ச் சங்கதி மட்டுமல்ல. அமெரிக்காவில் அலெக்சாண்டர் ஆஸ்டின் 1970-களில் கல்லூரிப் படிப்பைப் பாதியில் விடுவோரைப் பற்றிப் பெரிய அளவில் ஆராய்ந்தார். முதல் ஆண்டில் வளாகத்தில் தங்கியவர்கள் படிப்பை முடிக்கும் வாய்ப்பு அதிகம் என்று அவர் கண்டார். வின்சென்ட் டின்டோ 1975-இல் எழுதிய கட்டுரையும், 1987-இல் கொண்டுவந்த நூலும் அதற்கு ஒரு விளக்கம் தந்தன: மதிப்பெண் குறைவதால் மட்டும் யாரும் கல்லூரியை விட்டுப் போவதில்லை, அங்கே தனக்கென்று ஆளும் இடமும் இல்லாதபோது போகிறார்கள். பின்னால் வந்த ஆய்வாளர்கள் இன்னும் கறாராகச் சொன்னார்கள். கட்டில் போட்டுத் தூங்குவதால் பலன் வருவதில்லை, தங்குவதால் ஆசிரியரோடும் சக மாணவரோடும் ஏற்படும் ஒட்டுதலால் வருகிறது என்றார்கள். அந்த ஊர் டார்மிட்டரியையும் நம் ஊர் அரசு விடுதியையும் ஒப்பிடலாமா என்று யாராவது சிரித்தால் அதில் நியாயம் உண்டு. சுவரும் சோறும் ஒப்பிட முடியாதவைதான். ஆனால் இந்த ஆய்வுகள் கடைசியாகச் சுட்டுவது ஒட்டுதலை. அதற்கு ஏசி அறை தேவையில்லை. இன்னும் சொன்னால், வீட்டில் வழிகாட்ட ஆள் இல்லாதவனுக்கு அது இரண்டு மடங்கு தேவை.

நம் முன்னோர்கள் ஆய்வுக்குக் காத்திருக்காமலே இதைப் புரிந்துவைத்திருந்தார்கள். கோலாப்பூரில் சாகு மகாராஜா 1901-லிருந்து ஒவ்வொரு சமூகத்துக்குமாக மாணவர் விடுதிகளைத் திறக்க உதவினார். கண்ணமங்கலத்துக்கு அடுத்த ஊரான ஆரணிக்குப் பக்கத்தில், மேல்புதுப்பாக்கத்தில், 1890-இல் பிறந்த சுவாமி சகஜானந்தா 1916-இல் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் மட்டும் கட்டினால் சாயங்காலம் அவர்கள் சேரிக்கும் பண்ணை வேலைக்கும் திரும்பிப் போய்விடுவார்கள். தங்க இடமும் சாப்பாடும் சேர்த்துக் கொடுத்தால்தான் படிப்பு படிப்பாக இருக்கும் என்ற தெளிவு அந்த முயற்சியில் இருந்தது. தமிழ்நாட்டில் இன்று அரசு நடத்தும் ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர் நல விடுதிகளுக்கு அந்தச் சிந்தனையே வேர். நூறு வருஷத்துக்கு முன் போராடிப் பெற்றதை இப்போது "வசதியில்லாதவன் போகிற இடம்" என்று நாமே முகஞ்சுளிப்பதுதான் வேடிக்கை.

பெண் பிள்ளைகள் விஷயத்துக்கு வருவோம், ஏனென்றால் ஆட்சேபம் பலமாக எழுவது அங்கேதான். "பொண்ணு காலையில போயிட்டு சாயங்காலம் வீட்டுக்கு வந்துடணும்" என்பது இந்தப் பக்கத்துப் பெற்றோரில் பலர் விதிக்கும் நிபந்தனை. வீட்டுக்கு வந்த பிறகு அவள் என்ன செய்கிறாள்? மத்தியப் புள்ளியியல் துறை 2019-இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்காகச் செலவிடும் நேரம் நாளுக்குச் சராசரி 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். 2024-இல் மறுபடி எடுத்தபோது 289, 88 என்று சற்றே இறங்கியிருந்தது, இடைவெளி அப்படியேதான். பஸ்ஸிலிருந்து இறங்கும் பெண்ணுக்காகத் தண்ணீர்க் குடமும் பாத்திரமும் மாட்டுக்கொட்டகையும் காத்திருக்கின்றன. அவளுடைய அண்ணன் பத்து மணி வரை வெளியே இருந்துவிட்டு வந்தாலும் அவனுக்கு ஒரு வேலையும் காத்திருக்காது. ஆகையால் விடுதியின் பலன் ஆணைவிடப் பெண்ணுக்கே அதிகம் என்பது என் துணிபு. சாயங்காலம் ஆறு மணியிலிருந்து பத்து மணி வரை தனக்கே தனக்கான நான்கு மணி நேரம் என்பது பல பெண்களுக்குப் பிறந்தது முதல் கிடைத்திராத சொத்து. பிற்படுத்தப்பட்டோர் நல விடுதிகளில் சேர வீடு குறைந்தது எட்டு கிலோமீட்டர் தள்ளியிருக்க வேண்டும் என்ற விதியைக்கூட மாணவியருக்குத் தளர்த்தியிருக்கிறார்கள். விதி எழுதியவருக்கு வீட்டு நிலவரம் தெரிந்திருக்கிறது.

பயம் பொய்யில்லை. 2024 டிசம்பரில் சென்னை கிண்டியில், அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே ஒரு மாணவி பாலியல் வன்முறைக்கு ஆளானார். குற்றவாளிக்கு 2025 ஜூனில் 30 ஆண்டுக்குக் குறையாத ஆயுள் தண்டனை கிடைத்தது. தண்டனை வந்தது, ஆனால் நடந்தது நடந்ததுதான். இதைக் காட்டி விடுதியே வேண்டாம் என்போருக்கு ஒன்று சொல்லலாம்: ஆபத்து விடுதிக்குள் மட்டும் குடியிருக்கவில்லை. கூட்டம் பிதுங்கும் பஸ்ஸிலும், ஏழு மணிக்கு மேல் இருட்டில் ஸ்டாப்பிலிருந்து ஊருக்குள் நடக்கும் பாதையிலும் அதே ஆபத்து உண்டு. அங்கே வார்டனும் கிடையாது, புகார்க் குழுவும் கிடையாது. ஒவ்வொரு கல்லூரியிலும் பாலியல் தொல்லைகளை விசாரிக்க உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும் என்பது சட்டம். சேர்ந்த முதல் வாரத்திலேயே அதன் தலைவர் யார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். யாருக்கும் தெரியவில்லை என்றால் அந்தக் கல்லூரியைப் பற்றி ஒரு முக்கியமான தகவல் கிடைத்துவிட்டது என்று பொருள். ராகிங்கும் இப்படியே. 1996 நவம்பரில் சிதம்பரம் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி மாணவர் பொன் நாவரசு கொல்லப்பட்ட பிறகு, 1997-இல் தமிழ்நாடு ராகிங்கைத் தடைசெய்து சட்டம் கொண்டுவந்தது. இரண்டு ஆண்டு வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். தேசிய உதவி எண் 1800-180-5522. "ஜாலிக்குத்தான்டா" என்று சீனியர் ஆரம்பிக்கும்போதே அந்த எண் போனில் இருப்பது நல்லது.

அடுத்த ஆட்சேபம் விடுதியின் லட்சணம் பற்றியது. இங்கே நான் எதிர்த்து வாதாடப் போவதில்லை. அரசு நல விடுதியில் கல்லூரி மாணவருக்கான மாத உணவுப்படியை 2023-இல் 1,100 ரூபாயிலிருந்து 1,500 ஆக உயர்த்தினார்கள். உயர்த்திய பிறகும் நாளுக்கு 50 ரூபாய், மூன்று வேளைக்கு. அரிசி தனியாக வருகிறது என்றாலும், இன்றைய காய்கறி விலையில் ஐம்பது ரூபாய்க்குள் ஒரு பத்தொன்பது வயதுப் பையனின் பசியை அடக்கச் சொல்வது சமையல்காரரைத் தண்டிப்பது. 2025 ஜூலையில் இந்த விடுதிகள் அத்தனைக்கும் 'சமூகநீதி விடுதி' என்று பெயர் மாற்றினார்கள். 2,739 விடுதிகள், 1,79,568 மாணவர்கள். பலகையில் சாதிப் பெயர் இல்லாமல் போனது நல்லதுதான். ஆனால் உள்ளே யார் யாரோடு தங்குகிறார்கள் என்பது பலகை மாறியதால் மாறிவிடாது. ஒரே வகுப்பில் படிக்கும் நால்வர் சாயங்காலமானால் நான்கு துறைகளின் நான்கு கட்டடங்களுக்குப் பிரிந்து போகும் ஏற்பாட்டை அப்படியே வைத்துக்கொண்டு கல்லூரியில் சாதி போகவில்லையே என்று வியப்பது சரியல்ல. இவ்வளவு குறையோடும் ஏன் விடுதி என்கிறேன் என்றால், தண்ணிச் சாம்பார் மூன்று வருஷத்தில் முடிந்துவிடும். பாதியில் விட்ட படிப்பு முடியாது. அதற்காக எதையும் சகித்துக்கொள்ள வேண்டியதில்லை. ராத்திரியில் வார்டனே இல்லாத, தண்ணீர் வராத, கக்கூஸுக்குத் தாழ்ப்பாள் இல்லாத விடுதியில் இருக்காதீர்கள். புகாரை எழுத்தில் கொடுத்து நகலில் தேதியும் கையெழுத்தும் வாங்குங்கள். வாயால் சொன்ன புகாருக்கு அரசு அலுவலகத்தில் ஆயுள் கிடையாது.

மலைப் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் வேறு மாதிரி சொல்ல வேண்டும். அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் சின்ன வயதிலிருந்தே தங்கிப் படித்தவர்கள் பலர். அவர்களுக்கு விடுதி புதிதல்ல, சலித்தும் போயிருக்கும். புதிதாக இருப்பது மணி அடிக்க ஆள் இல்லாத விடுதி. பள்ளியில் எழுப்பிவிட்டு, சாப்பிட வைத்து, படிப்பு நேரத்தில் உட்கார வைத்தவர்கள் இங்கே இருக்க மாட்டார்கள். முதல் மூன்று மாதத்தில் அந்தச் சுதந்திரம் போனுக்கும் தூக்கத்துக்கும் போய்விடும் ஆபத்து நிஜம். இன்னொரு இழுப்பு கைக்காசு. கல்யாண மண்டபத்தில் கேட்டரிங் வேலைக்குப் போனால் ஒரு ராத்திரியில் சில நூறு ரூபாய் கிடைக்கும். முகூர்த்த மாதத்தில் வாரத்துக்கு நான்கு ராத்திரி போய்விட்டுக் காலையில் வகுப்பில் தூங்குகிறவர்களை எந்தக் கல்லூரியிலும் பார்க்கலாம். சனி, ஞாயிறோடு நிறுத்திக்கொள்ள முடிந்தால் வேலை தப்பில்லை. படிப்பு நடுவில் அறுந்தால் மலைக்கும் அடிவாரத்துக்கும் காத்திருக்கும் வேலைகள் எவை என்று எல்லோருக்கும் தெரியும்: காப்பித் தோட்டம், திருப்பூர், பெங்களூரு கட்டட வேலை, அதற்கும் மேலே நல்ல கூலி பேசி ஆள் பிடிக்க வரும் செம்மரத் தரகர். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்ததாகச் சொல்லி ஆந்திரக் காவல்துறை சுட்டுக் கொன்ற 20 பேரில் பலர் இந்த மலையையும் இந்த அடிவாரத்தையும் சேர்ந்தவர்கள். கூலி வேலைக்கு மாற்று இல்லாத ஊரில் பட்டம் என்பது கௌரவத்துக்கான காகிதம் அல்ல.

"மன உறுதி இருந்தால் எங்கிருந்தும் படிக்கலாம்" என்று சொல்வோர் உடனே ஸ்ரீபதியைக் காட்டுவார்கள். ஜவ்வாது மலை புலியூரைச் சேர்ந்த அவர், பிரசவமான ஓரிரு நாளில் சென்னைக்குப் பயணம் செய்து தேர்வெழுதி, 23 வயதில் உரிமையியல் நீதிபதியாகத் தேர்வான செய்தியை 2024 பிப்ரவரியில் தமிழ்நாடே கொண்டாடியது. கொண்டாட வேண்டியதுதான். ஆனால் அந்த அளவு உறுதியைப் பதினெட்டு வயதுப் பிள்ளைகள் எல்லோரிடமும் எதிர்பார்ப்பது அநியாயம். அபூர்வமானவர்கள் எந்தத் தடையையும் தாண்டுவார்கள். சராசரியான ஒரு பிள்ளை சராசரியான முயற்சியோடு பட்டம் வாங்க முடிகிறதா என்பதை வைத்துத்தான் ஓர் ஏற்பாட்டை எடைபோட வேண்டும். நகரத்துச் சராசரிப் பிள்ளைகள் அப்படித்தான் வாங்குகிறார்கள்.

காசு, காகிதம் பற்றி வேகமாகச் சில விஷயங்கள். ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், ஆணுக்கு 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வரும். வேறு உதவித்தொகை வாங்கினாலும் இது தனி. பணம் வராமல் நிற்பதற்கு வழக்கமான காரணம் வங்கிக் கணக்கில் ஆதார் சரியாக இணையாததுதான்; முதல் மாதமே வங்கியில் போய்ப் பார்த்துவிடுங்கள். அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் பொறியியல் சேர்ந்தவர்களுக்குப் படிப்புக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. அது தெரியாமல் பஸ்ஸில் அலைபவர்களும் இருக்கிறார்கள். பழங்குடியினர் சாதிச் சான்று தாசில்தாரிடம் கிடைக்காது, கோட்டாட்சியர்தான் தர வேண்டும். அது இழுக்கும், ஆகவே பிளஸ் டூ படிக்கும்போதே தொடங்க வேண்டும். பள்ளி முதல் தமிழ்வழியில் படித்தவர்கள் பட்டத்தையும் தமிழ்வழியில் முடித்தால் அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை உண்டு. "இங்கிலீஷ் மீடியம்தான் கெத்து" என்று மாறுவதற்கு முன் இதை எண்ணிப் பாருங்கள். ஒரிஜினல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்துவைத்துக்கொள்ளக் கூடாது என்பது யுஜிசியின் உத்தரவு. கடைசியாக, கல்லூரியில் சேர்ந்தால் விடுதியிலும் இடம் தானாகக் கிடைத்துவிடாது. நல விடுதிக்குத் தனி விண்ணப்பம், தனித் தேதி. பாதிப் பேர் விடுதியைத் தவறவிடுவது மனம் இல்லாமல் அல்ல, தேதி தெரியாமல்தான் என்று நினைக்கிறேன்.

உடம்பு முடியாத அம்மா, பார்த்துக்கொள்ள வேண்டிய நிலம், இடம் கிடைக்காத விடுதி என்று போய்வந்தே ஆக வேண்டியவர்கள் எப்போதும் இருப்பார்கள். அவர்கள் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போதே பஸ் வழியைப் பார்க்க வேண்டும். ஒரே பஸ்ஸில் இறங்கி நடக்கிற சுமாரான கல்லூரி, இரண்டு பஸ் மாறிப் போகும் பேர்பெற்ற கல்லூரியைவிட மேல். வேலூர் பஸ் ஸ்டாண்டில் காட்பாடி பஸ்ஸுக்கு நிற்கும் அரை மணி நேரம் மூன்று வருஷத்தில் எங்கே போய் முடியும் என்பதை மேலே போட்ட கணக்கே சொல்லும். வாரத்தில் இரண்டு நாளாவது கடைசி மணிக்குப் பிறகு இரண்டு மணி நேரம் வளாகத்தில் இருப்பது என்று வீட்டில் முன்கூட்டியே பேசி முடிவு செய்துகொள்ளலாம். செவ்வாய், வியாழன் லேட்டாக வருவேன் என்று முதல் வாரத்திலேயே சொன்னால் அது பழக்கமாகும். நவம்பரில் சொன்னால் சந்தேகமாகும். என்.எஸ்.எஸ்.ஸில் சேர்ந்தால் ஏழு நாள் முகாம் ஒன்று வரும். வீட்டை விட்டுத் தங்கிப் பார்க்க அதைவிட மலிவான ஒத்திகை கிடையாது. ஆசிரியரிடம் "சார், நான் கண்ணமங்கலத்திலிருந்து வர்றேன், முதல் பீரியட் சில நாள் அஞ்சு நிமிஷம் பிந்தும்" என்று முன்னாலேயே சொல்லிவிட்டவனுக்கும், பிந்திவந்து வாசலில் தலைகுனிந்து நிற்பவனுக்கும் வருகைப் பதிவில் பெரிய வித்தியாசம் இருக்கும்.

விடுதியில் இடம் கிடைத்தவர்கள் அறைத்தோழனைப் பற்றி யோசிக்க வேண்டும். டார்ட்மத் கல்லூரியில் குலுக்கல் போல ஒதுக்கப்பட்ட அறைத்தோழர்களை வைத்து புரூஸ் சாசர்டோட் 2001-இல் வெளியிட்ட ஆய்வில், யாரோடு தங்குகிறோம் என்பது மதிப்பெண்ணையும் எந்தக் கூட்டத்தில் சேர்கிறோம் என்பதையும் தொட்டது. எந்தப் பாடத்தை முக்கியப் பாடமாக எடுத்தார்கள் என்பதைத் தொடவில்லை. பழக்கம்தான் ஒட்டுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். நம் விடுதிகளில் ஊர்க்காரன் ஊர்க்காரனோடு, சாதிக்காரன் சாதிக்காரனோடு அறை பிடிப்பது வழக்கம். முதல் மாதத்துக்கு அது ஆறுதல்தான். ஆனால் ஒரே பள்ளியிலிருந்து வந்த நால்வர் ஓர் அறையில் இருந்தால் நால்வருக்கும் தெரியாதது ஒன்றாகவே இருக்கும். வேறு துறை, வேறு ஊர், முடிந்தால் ஒரு சீனியர் என்று கலந்து இருப்பவர்களுக்குச் செய்தி நான்கு பக்கத்திலிருந்தும் வரும்.

எந்த விடுதி என்பதை முடிவு செய்யப் பெற்றோர் பெரும்பாலும் சேர்க்கை நாளன்று பகல் பதினொரு மணிக்குப் போய்ப் பார்க்கிறார்கள். அந்த நேரத்தில் எல்லா விடுதியும் சுத்தமாக, அமைதியாகத்தான் இருக்கும். சாயங்காலம் ஏழு மணிக்குப் போக வேண்டும். வார்டன் இருக்கிறாரா, இரவுக் காவலர் வந்துவிட்டாரா, படிக்கும் கூடத்தில் எத்தனை டியூப்லைட் எரிகிறது, மாடிக் குழாயில் தண்ணீர் ஏறுகிறதா, கழிவறைக் கதவு மூடுகிறதா என்று பாருங்கள். சாப்பிட்டுவிட்டு வரும் பிள்ளைகளில் இரண்டு பேரை நிறுத்தி, வார்டன் பக்கத்தில் இல்லாதபோது, இங்கே இரண்டாம் வருஷத்தில் எத்தனை பேருக்கு அரியர் இருக்கிறது, பரீட்சை நேரத்தில் எத்தனை மணி வரை விளக்கு எரியும், உடம்பு சரியில்லை என்றால் ராத்திரியில் யார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவார்கள் என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு உடனே ஒரு பேரைச் சொன்னால் பெட்டியை இறக்கலாம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டால், கண்ணமங்கலத்துக்கு எட்டரை மணி பஸ் இருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டு அடுத்த விடுதியைத் தேடலாம்.